மணலை மிரட்டாதீர்கள்!

'குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது! வெள்ளைக்கார விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள். உண்மையான தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்.'

இந்த மாதிரி ஒரு செய்தி உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். கூடவே ஒரு மேப். இந்தியப் பெருங்கடலின் நடுவில் பச்சை கலரில் ஒரு பெரிய நிலப்பரப்பு, அதன் மேல் ஏழெட்டு ஊர்ப் பெயர்கள். 'என்னங்க இது?' என்று கேட்டால், 'மொரீஷியஸ் கடற்கரை மணலிலேயே ஆதாரம் இருக்கு சார். பெரிய சயின்ஸ் பத்திரிகையில் வந்திருக்கு' என்று பதில் வரும்.

சயின்ஸ் பத்திரிகையில் வந்தது நிஜம். மணலில் ஆதாரம் இருப்பதும் நிஜம். ஆனால், அந்த மணல் சொன்னது ஒன்று, நாம் கேட்டுக்கொண்டது வேறொன்று. சாட்சி கூண்டில் ஏறி, 'சம்பவம் நடந்தபோது நான் அந்த ஊரிலேயே இல்லை' என்கிறான். வக்கீல் வெளியே வந்து, 'சாட்சி முழுக்க எங்கள் பக்கம்' என்று மைக்கில் பேட்டி கொடுக்கிறார். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

எனவே, இந்த வாரம் மணலுக்காக வாதாடப் போகிறேன். ஃபீஸ் வேண்டாம். கடைசி வரை கேட்டால் போதும்.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. மணலுக்கு ஊர் உண்டா? ஒரு கைப்பிடி மணலைப் பார்த்து, 'நீ எந்த ஊர்க்காரன்?' என்று கேட்டால் சொல்லுமா?

சொல்லும். இரண்டாம் உலகப் போரில் சொல்லியிருக்கிறது. 1944 நவம்பரிலிருந்து ஜப்பான் 9,000-க்கும் மேற்பட்ட பேப்பர் பலூன்களில் குண்டுகளைக் கட்டிப் பறக்கவிட்டது. பசிபிக் கடலைத் தாண்டி அவற்றில் சில நூறு அமெரிக்கக் கண்டத்தில் வந்து விழுந்தன. இவ்வளவு தூரம் பலூன் வருமா, எங்கிருந்து கிளம்புகிறது என்று அமெரிக்காவில் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். பலூனில் எடைக்காகக் கட்டியிருந்த மணல் மூட்டைகள், அமெரிக்க ஜியாலஜிக்கல் சர்வேக்காரர்களின் மைக்ராஸ்கோப்புக்கு வந்தன. மணலில் என்னென்ன தாதுக்கள், என்னென்ன நுண்ணுயிர் ஓடுகள், பவளத் துண்டு இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 'இது ஜப்பான் மணல். ஹொன்ஷு தீவின் கிழக்குக் கரையில் தேடுங்கள்' என்றார்கள். பலூன்கள் கிளம்பியது அந்தக் கரையிலிருந்துதான்.

ஜப்பான் வரை போவானேன்? நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, அன்றைக்குத் திருவிதாங்கூர். அங்கிருந்து கப்பலேறிய தேங்காய் நாரில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டு போயிற்று. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-ல் அதைக் கவனித்தார். மோனசைட்! அதில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்து கேஸ் விளக்குகளின் மேன்ட்டிலுக்குத் தோரியம் தேவை. மனிதர் மணலின் விலாசத்தைப் பிடித்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். நாரில் ஒட்டிய துகள் ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

சரி, இதெல்லாம் நூறு வருஷத்துக் கதை. பல கோடி வருஷத்துக்கு முந்தைய மணல் என்றால்? அது இறுகிக் கல்லாகிவிட்டிருக்கும். அதற்குப் பெயர் மணற்பாறை. அதுவும் பேசும். எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் மொரீஷியஸ் மேட்டர் புரியும். இரண்டு நிமிஷம் பொறுமை ப்ளீஸ்.

மலை வெயிலிலும் மழையிலும் உடைகிறது. ஆறு உருட்டிக்கொண்டு போகிறது. வழியில் மென்மையான தாதுக்கள் நைந்து களிமண்ணாகிவிடும். கெட்டியானவை மணலாக மிஞ்சும். வெறும் குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த மணல் ரொம்ப தூரம் அல்லது ரொம்ப காலம் அலைந்தது என்று பொருள். ஃபெல்ட்ஸ்பார் நிறைய இருந்தால், பக்கத்தில் எங்கோ கிரானைட் மலை இருந்தது. எரிமலைப் பாறைத் துண்டுகள் இருந்தால், எரிமலை இருந்தது. வில்லியம் டிக்கின்சன் என்ற அமெரிக்கர், 1979-ல் இன்னொருவரோடு சேர்ந்து இந்த மூன்றையும் ஒரு முக்கோணத்தில் போட்டுக் காட்டினார். மணற்பாறையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்து, துகள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டியது. முக்கோணத்தில் புள்ளி எங்கே விழுகிறதோ, மணல் அந்த மாதிரி மலையிலிருந்து வந்தது. கோழியின் கொழுப்பைப் பார்த்து என்ன தீனி தின்றது என்று சொல்கிற மாதிரி.

இதற்கு அடுத்த கட்டம்தான் சிர்கான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன தாது, ஆனால் மகா முரடு. ஆறு, கடல், காற்று எதற்கும் அசையாது. அது படிகமாக உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே விட்டுக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. பிறகு அந்த யுரேனியம் மெதுவாக ஈயமாக மாறும். எவ்வளவு மெதுவாக? பாதி மாறுவதற்கு 447 கோடி வருஷம். ஆக, இன்றைக்கு உள்ளே எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று அளந்தால் சிர்கானின் வயது தெரிந்துவிடும். பர்த் சர்ட்டிஃபிகேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைகிற ஆசாமி. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பாறையில் கிடைத்த ஒரு துகளுக்கு 440 கோடி வயது என்று 2001-ல் அறிவித்தார்கள். பூமிக்கே 454 கோடிதான்.

அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தில் நவாஹோ மணற்பாறை இருக்கிறது. ஸயான் தேசியப் பூங்காவில் செங்குத்தாக நிற்கிற அந்தச் சிவப்புச் சுவர்களை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சுமார் 19 கோடி வருஷத்துக்கு முன் பாலைவன மணல்மேடாக இருந்து கல்லானது. அவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? பக்கத்து மலைகளிலிருந்து என்று நினைப்பதுதான் இயல்பு. 2003-ல் அதே டிக்கின்சனும், ஜார்ஜ் கெரல்ஸும் அதிலிருந்த சிர்கான்களைப் பொறுக்கி வயது பார்த்தார்கள். ஏறக்குறைய பாதித் துகள்களின் வயது, கண்டத்தின் மறுகோடியில் கிழக்கே இருக்கும் அப்பலாச்சியன் மலைகளின் வயதோடு பொருந்தியது. ஒரு பெரிய ஆறு கண்டத்தின் குறுக்கே 2,000 கிலோமீட்டருக்கும் மேல் மணலைச் சுமந்து வந்திருக்கிறது. பிறகு காற்று தூக்கிக் குவித்திருக்கிறது. அந்த ஆறு இன்று இல்லை. அது ஓடிய கதையை மணல் ஞாபகம் வைத்திருக்கிறது.

'எங்கள் மணலை வெளியூர் மணல் என்று சொல்வதா?' என்று ஊட்டாவில் யாரும் ஊர்வலம் போகவில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மொரீஷியஸ். அது எரிமலைத் தீவு. அதன் பாறைகளில் மிகப் பழையதற்கே சுமார் 90 லட்சம் வயதுதான். 2013-ல் டோர்ஸ்விக் என்ற நார்வேக்காரரும் அவருடைய சகாக்களும் அந்தத் தீவின் கடற்கரை மணலில் சில சிர்கான் துகள்களைக் கண்டார்கள். அவற்றின் வயது 66 கோடியிலிருந்து 197 கோடி வரை. 90 லட்சம் வயதுத் தீவில் 197 கோடி வயதுத் துகளா? எரிமலைக் குழம்பு கீழே புதைந்த ஏதோ பழைய கண்டத்துண்டைத் துளைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரும்போது அதன் துகள்களையும் வாரிக்கொண்டு வந்திருக்கிறது என்றார்கள். அந்தத் துண்டுக்கு 'மொரீஷியா' என்று பெயரும் வைத்தார்கள்.

உடனே சக விஞ்ஞானிகள் கைதட்டினார்களா? இல்லை. 'கடற்கரை மணல்தானே? காற்றில் வந்திருக்கலாமே, கார் டயரிலோ செருப்பிலோ ஒட்டி வந்திருக்கலாமே' என்று குடைந்தார்கள். செருப்பு வரைக்கும் சந்தேகப்பட்டார்கள் சார்! அதனால், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த லூயிஸ் ஆஷ்வாலின் குழு மணலை விட்டுவிட்டு, தீவின் பாறைக்கு உள்ளேயே தேடியது. 2017-ல் வெளியிட்டார்கள். 57 லட்சம் வயதுப் பாறைக்குள் 250-லிருந்து 300 கோடி வயதுவரையிலான சிர்கான்கள். பாறைக்குள் செருப்பு போகாது. கேஸ் முடிந்தது.

இதில் குமரிக்கண்டம் எங்கே வந்தது?

கணக்கைப் பாருங்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 8.4 கோடி வருஷத்துக்கு முன். அந்தப் பிரிவினையில் நொறுங்கி, பிறகு எரிமலைக் குழம்பு மூடிய சில்லுகள்தான் மொரீஷியா. மனித இனத்துக்கு இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய எலும்புகளின் வயது சுமார் 3 லட்சம் வருஷம். டைனோசர்கள் ஒழிந்தது 6.6 கோடி வருஷத்துக்கு முன். ஆக, மொரீஷியாவில் யாராவது சங்கம் வைத்திருந்தால், டைனோசர்தான் தலைமை தாங்கியிருக்க வேண்டும். இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிற கணக்கே 9,990 ஆண்டுதான். 9,990 எங்கே, 8 கோடி எங்கே? கன்னியாகுமரியிலிருந்து மொரீஷியஸ் 3,500 கிலோமீட்டருக்கும் மேல் என்பது தனி.

லெமூரியா என்ற பெயரே நம்முடையதில்லை. மடகாஸ்கரின் லெமூர் என்ற பிராணியின் உறவுக்காரர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்களே, எப்படி என்று 1864-ல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேயர் யோசித்தார். நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்றார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான ஊகம். பிறகு கண்டங்கள் மூழ்குவதில்லை, நகர்கின்றன என்று தெரிந்தது. அறிவியல் அந்த ஊகத்தை மூட்டை கட்டி வைத்தது. நாம் மட்டும் மூட்டையைப் பிரித்து, பட்டுத்துணி சுற்றி, பூஜை அறையில் வைத்துக்கொண்டோம்.

'அப்போ கடல்கோள் பொய்யா?' என்று கோபப்படுபவர்களுக்கு: பொய் என்று நான் சொல்லவில்லை. சுமார் 20,000 வருஷத்துக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்குக் கால்நடையாகப் போகலாம். பிறகு கடல் ஏறியது, கரை முழுகியது. 2004 டிசம்பரில் கடல் என்ன செய்யும் என்று நாமே பார்த்தோம். சிலப்பதிகாரமும் அதன் உரைகாரரும் பேசுகிற கடல்கோளுக்குப் பின்னால் அப்படி ஏதாவது நிஜ நினைவு இருக்கலாம். கடல் கொண்டது கரையையா, கண்டத்தையா என்பதுதான் கேள்வி. கரை என்றால் ஆராயலாம். கண்டம் என்றால் இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் பெரும்பாலும் எரிமலைப் பாறையாக இருப்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

'தமிழன் பெருமை என்றால்தான் இடிப்பீர்கள். வடக்கே போய் இதைச் சொல்லிப் பாருங்களேன்!'

இதோ போகிறேன். வடக்கே சரஸ்வதி. ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் பார்க்கிற கக்கர் என்ற ஆறு இருக்கிறது. அதன் பழைய பள்ளத்தாக்கில் ஹரப்பா காலத்து ஊர்கள் ஏராளம். இதுதான் வேதத்தில் வரும் சரஸ்வதி என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஹரியானா அரசு 2015-ல் சரஸ்வதிக்காகவே ஒரு வாரியம் அமைத்தது. இமயமலைப் பனி உருகி வந்த பெரிய ஆறா, மழையாறா என்பதுதான் வழக்கு. சாட்சி யார்? பள்ளத்தாக்கின் அடியில் புதைந்த மணல்.

பீட்டர் கிளிஃப்ட் குழு 2012-ல் சிர்கான்களைச் சோதித்து, யமுனை ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஓடியது உண்மை என்றது. ஆனால் அது திசை மாறியது 10,000 வருஷத்துக்கும் முன்பே, ஹரப்பா நகரங்களுக்கு வெகு காலம் முன்பு. ஐஐடி கான்பூரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து 2017-ல், சட்லஜும் அந்தப் பாதையில் ஓடியது, சுமார் 8,000 வருஷத்துக்கு முன் விலகிவிட்டது என்றன. ஆறு விட்டுப்போன பள்ளத்தாக்கில் வெள்ள பயம் இல்லை என்பதாலேயே ஊர்கள் அங்கே வந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். 2019-ல் அகமதாபாத் ஆய்வகமும் ஐஐடி பம்பாயும் அபிரகத் துகள்களை வைத்து வேறு மாதிரி சொன்னார்கள். சுமார் 9,000 வருஷத்துக்கு முன்பிலிருந்து 4,500 வருஷத்துக்கு முன்புவரை அங்கே வற்றாத ஆறு மறுபடியும் ஓடியது என்பது அவர்கள் கட்சி.

ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. இருக்கட்டும், அதுதான் ஆரோக்கியம். கூத்து என்ன தெரியுமா? சரஸ்வதி பக்தர்கள் 2019-ஐ மட்டும் ஃபார்வர்ட் செய்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் 2012-ஐயும் 2017-ஐயும் மட்டும் ஃபார்வர்ட் செய்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க இரண்டு தரப்புக்கும் நேரமில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். சிர்கானிலும் அபிரகத்திலும் ஆற்றின் வயது இருக்கும், வழி இருக்கும். பெயர் இருக்காது. கரையில் வாழ்ந்தவன் எந்த மொழி பேசினான், எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று எந்தத் துகளும் சொல்லாது. அதைச் சொல்லவைக்க மணலின் கழுத்தில் கத்தி வைக்கிறார்கள். வடக்கே வைப்பதும் அதே கத்திதான், தெற்கே வைப்பதும் அதே கத்திதான். பிடி மட்டும் வேறு கலர்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: வயது துகளுக்கா, மணல் படிவத்துக்கா? பழைய செட்டிநாட்டு வீட்டை இடித்த தேக்கு உத்தரத்தை வாங்கிப் புது வீட்டில் போட்டால், வீட்டுக்கு நூறு வயது ஆகிவிடுமா? மொரீஷியஸ் மணலில் 197 கோடி வயதுத் துகள் இருப்பதும் அப்படித்தான்.

இரண்டு: நேரே மலையிலிருந்து வந்ததா, நடுவில் வேறு மணற்பாறையில் தங்கிவிட்டு வந்ததா? சிர்கான் முரடு என்றேனே, அதுவே அதன் கோளாறும். ஒரு மணற்பாறை உடைந்து இன்னொரு மணற்பாறையில் சேரும். வயது அப்படியே இருக்கும். அதனால்தான் கார்னெட், ரூட்டைல், அபிரகம் என்று மற்ற சாட்சிகளையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

மூன்று: குறுக்கு விசாரணை நடந்ததா? டயர், செருப்பு என்று யாராவது சந்தேகப்பட்டார்களா? சந்தேகமே படாமல் வந்த ஆதாரம் ஆதாரமில்லை, விளம்பரம்.

'ஏதோ ஒரு சந்தோஷத்துக்கு அனுப்பறாங்க, இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். நஷ்டம் எனக்கில்லை, கீழடிக்கு. அங்கே குழி வெட்டி, கரித்துண்டை எடுத்து, அமெரிக்க லேபுக்கு அனுப்பி, கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று காலக்கணிப்பு வாங்கி, 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. படிப்படியாக, கேள்வி கேட்டு, பதில் சொல்லிச் சேர்த்த சொத்து அது. அதைச் சந்தேகிக்கிறவர்கள் டெல்லியிலும் இருக்கிறார்கள், பக்கத்துத் தெருவிலும் இருக்கிறார்கள். 'இவங்க இப்படித்தான், மொரீஷியஸில் சங்கம் வளர்த்தோம் என்பார்கள்' என்று அவர்கள் ஒரே வார்த்தையில் ஒதுக்கித் தள்ளுவதற்கு நாமே வசதி செய்து கொடுக்கலாமா? பொய்ப் பத்திரத்தை மேலே வைத்தால், அடியில் இருக்கிற நிஜப் பத்திரத்தையும் எவனும் பார்க்க மாட்டான்.

மணவாளக்குறிச்சிக் கரையில் அலை ஒதுக்குகிற கறுப்பு மணலை ஒரு பிடி அள்ளினால், அதில் மோனசைட்டும் சிர்கானும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகள் உடைந்து வந்தவை. அந்தப் பாறைகளில் பல, சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன் பூமிக்குள் வெந்து உருமாறியவை. மடகாஸ்கரின் தென்பகுதிப் பாறைகளிலும் அதே காலத்து முத்திரை இருக்கிறது. அன்று இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. இது கற்பனை மேப் இல்லை, அளந்து பார்த்த நிஜம். இதைவிடப் பெரிய அதிசயம் எந்த ஃபார்வர்டில் இருக்கிறது? இந்தக் கதையை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

நாம் மணலுக்குச் செய்வது இரண்டே காரியம். காவிரி, பாலாறு, தாமிரபரணி என்று ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளி வீடு கட்டுகிறோம். மிச்சம் இருப்பதன் வாயில் நமக்குப் பிடித்த வசனத்தைத் திணிக்கிறோம். சாட்சியைக் கடத்துவது ஒன்று, மிரட்டுவது ஒன்று. இரண்டும் கிரிமினல் குற்றம்.

300 கோடி வருஷம் பொய் சொல்லாமல் இருந்துவிட்ட துகள் அது. நம் காலத்தில் அதைப் பொய்சாட்சி ஆக்க வேண்டாம்.